மொய் நோட்டும் இன்சர்ட் ஸ்டேட்மெண்டும்

ரொம்ப நாளாச்சு இந்தக் கடையைத் திறந்து. ஆணி அதிகம்னு சொல்லி எஸ்கேப் ஆகலாம். ஆனா உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான். போன வாரம் ஆபீஸ்ல நடந்த ஒரு சின்ன விஷயம் பழைய கொசுவத்தியைச் சுத்த வெச்சிடுச்சு, அதான் வந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். நடுவுல டேட்டாபேஸ் சமாச்சாரமெல்லாம் வரும். கம்ப்யூட்டர் வாடையே ஆகாதவங்களும் தைரியமாப் படிக்கலாம். மொய் நோட்டு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாப் போதும், மிச்சமெல்லாம் புரிஞ்சிடும்.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் ஒரு ஸ்கிரிப்டைக் காட்டி, "அண்ணா, ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்லுங்க, ஓட்டிடறேன்"ன்னார். பாத்தேன். ஒரே ஒரு இன்சர்ட் ஸ்டேட்மெண்ட். ஒரு டேபிள்ல புதுசா ஒரு வரியைச் சேர்க்கற கட்டளை, அவ்வளவுதான். மேல அடைப்புக்குறிக்குள்ள 41 கட்டத்தோட பேர். கீழ இன்னொரு அடைப்புக்குறிக்குள்ள 41 மதிப்பு. (டேபிள்ல இருக்கற நெடுவரிசையைத்தான் கட்டம்னு சொல்றேன். பதிவு முழுக்க அப்படியே வெச்சுக்குவோம்.)

"நீங்களே எழுதினீங்களா?"

"இல்லண்ணா, ஏஐ எழுதிக் குடுத்துச்சு. கரெக்டாத்தான் இருக்கும்."

யார் எழுதினதுங்கறது எனக்குப் பிரச்சினையில்லை. படிச்சு ஓகே சொல்லப் போறது நான். திரையில விரலை வெச்சு எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... 23 வந்தப்ப டேமேஜர் போன் பண்ணிட்டார். பேசி முடிச்சுட்டு வந்து மறுபடி ஒண்ணுலேர்ந்து. தம்பிக்குச் சிரிப்பு தாங்கலை. "என்னண்ணா, ஒண்ணாங்கிளாஸ் பையன் மாதிரி விரல் விட்டு எண்றீங்க?"

நான் சிரிக்கலை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல பாடம். பயப்படாதீங்க, ரெண்டே ரெண்டு வரிதான்.

டேட்டாபேஸ்ல புதுசா ஒரு வரி சேர்க்கணும்னா எஸ்க்யூஎல்-ல இப்படி எழுதணும்:

இன்சர்ட் இன்டு உறுப்பினர் (எண், பெயர், தகப்பனார், ஊர்)
வேல்யூஸ் (112, 'முருகன்', 'கந்தசாமி', 'அவிநாசி');

ஏற்கனவே இருக்கற வரியை மாத்தணும்னா இப்படி:

அப்டேட் உறுப்பினர்
செட் பெயர் = 'முருகன்', தகப்பனார் = 'கந்தசாமி', ஊர் = 'அவிநாசி'
வேர் எண் = 112;

(எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன். யாரும் அப்படியே காப்பி பண்ணி ஓட்டிப் பாத்துட்டு என்னைத் திட்டாதீங்க.)

ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா? அப்டேட்ல கட்டத்தோட பேரும் அதுக்கான மதிப்பும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. தகப்பனார் யாருன்னு கேட்டா உடனே கந்தசாமின்னு சொல்லிடலாம். இன்சர்ட்ல பேரெல்லாம் ஒரு பக்கம், மதிப்பெல்லாம் இன்னொரு பக்கம். தகப்பனார் யாருன்னு கேட்டா மேல எத்தனாவதுன்னு எண்ணணும், அப்புறம் கீழ அதே எண்ணிக்கைக்கு வரணும். நாலு கட்டம்னா கண்ணாலயே முடிச்சிடலாம். நாப்பது கட்டம்னா?

இப்ப மொய் நோட்டுக்கு வாங்க. கல்யாண மண்டப வாசல்ல ஒரு மேஜை போட்டு ஒருத்தர் எழுதுவார், ஒருத்தர் பணம் வாங்கிப் பெட்டியில போடுவார். நோட்டுல ஒரே வரியில ஊர், பேர், தொகை. பத்து வருஷம் கழிச்சு அந்த வீட்ல விசேஷம் வந்தா நோட்டை எடுத்துப் பாத்து, நமக்கு என்ன செஞ்சாங்களோ அதுக்குக் குறையாம திருப்பிச் செய்யணும். குறைஞ்சுதோ, பேச்சுவார்த்தை கட்.

இந்த நோட்டை எழுதறவர் ஒரு பக்கத்துல நாப்பது பேரையும் வரிசையா எழுதிட்டு, அடுத்த பக்கத்துல நாப்பது தொகையை மட்டும் வரிசையா எழுதி வெச்சார்னு வெச்சுக்கோங்க. "எண்ணிப் பாத்துக்கோங்க, கணக்கு டேலி ஆகும்"னு வேற சொல்றார். கூட்டிப் பாத்தா கணக்கு டேலி ஆகத்தான் செய்யும். ஆனா தாய்மாமன் போட்ட 5001 யாரோ தூரத்துச் சொந்தக்காரர் பேர்ல போயிருக்கும், அவரோட 101 தாய்மாமன் பேர்ல வந்திருக்கும். வெட்டுக்குத்து ஆகாதா?

இன்சர்ட் ஸ்டேட்மெண்ட் அந்த மொய் நோட்டுதான்.

கம்ப்யூட்டர் சரிபாக்காதான்னு கேப்பீங்க. பாக்கும், ஆனா முக்கியமா ரெண்டு விஷயத்தைத்தான். மேல இருக்கற எண்ணிக்கையும் கீழ இருக்கற எண்ணிக்கையும் ஒண்ணா? எண் வரவேண்டிய இடத்துல எண்ணா மாத்த முடியாத எழுத்து வந்திருக்கா? எண்ணிக்கை இடிச்சா, மதிப்பு பத்தலை இல்லேன்னா மதிப்பு அதிகம்னு ஒரு வரி எர்ரர் வரும். எதுக்குப் பத்தலைன்னு சொல்லாது, அதையும் நாமதான் எண்ணணும். சரி, அதாவது சத்தம் போட்டுக் காட்டிக் குடுக்குது. எண்ணிக்கை சரியா இருந்து, ரெண்டு மதிப்பு மட்டும் இடம் மாறியிருந்து, ரெண்டுமே எழுத்தா இருந்தா? ஒரு சத்தமும் வராது. "ஒரு வரி சேர்க்கப்பட்டது"ன்னு சமர்த்தா பதில் வரும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா... சொல்றேன்.

*

2004. நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில குப்பை கொட்டிட்டிருந்தேன். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில். அதுல தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒண்ணு இருந்துச்சு. மாசாமாசம் சம்பளத்துல ஒரு தொகை பிடிச்சு சேமிப்பா வெச்சுக்குவாங்க, அவசரத்துக்குக் கடன் குடுப்பாங்க. உறுப்பினர் இறந்துட்டா, கடன் பாக்கி போக மிச்சத்தை அவர் எழுதிக் குடுத்த நாமினிகிட்ட குடுப்பாங்க. அந்தச் சங்கத்தைக் கம்ப்யூட்டர் மயமாக்கற வேலை எங்களுக்கு வந்துச்சு.

உறுப்பினர் படிவமெல்லாம் காகிதத்துல இருந்துச்சு, 1860 படிவம். ஒரு டைப்பிங் சென்டர்ல குடுத்து எக்செல்ல அடிச்சு வாங்கினோம். அதை டேட்டாபேஸ்ல ஏத்தற பொறுப்பு என்னோடது. எப்படி ஏத்தினேன்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். எக்செல்ல கடைசிக் கட்டத்துல ஒரு நீளமான ஃபார்முலா. மேற்கோள், ஆம்பர்சாண்ட், செல் நம்பர், மறுபடி ஆம்பர்சாண்ட், மறுபடி மேற்கோள், கமா... ஒரு வரி எழுதி, எலிக்குட்டியைப் பிடிச்சுக் கீழ வரைக்கும் இழுத்து விட்டா 1860 இன்சர்ட் ஸ்டேட்மெண்ட் ரெடி. அதைக் காப்பி பண்ணி ஓட்டிட்டா வேலை முடிஞ்சுது. நமக்கு அன்னிக்கு இருந்த பெருமை இருக்கே, ஏதோ ராக்கெட் விட்ட மாதிரி.

மொத்தம் 34 கட்டம். கட்டங்களோட பேரை டேபிள்லேர்ந்து காப்பி பண்ணினேன். மதிப்பையெல்லாம் எக்செல் வரிசைப்படி கோத்தேன். எக்செல், காகிதப் படிவத்தோட வரிசையில இருந்துச்சு: 22 நாமினி பெயர், 23 உறவுமுறை, 24 சாட்சி பெயர். டேபிளை உருவாக்கினவர் என்ன நினைச்சாரோ: 22 சாட்சி பெயர், 23 உறவுமுறை, 24 நாமினி பெயர். நடுவுல இருக்கற உறவுமுறை ரெண்டுலயும் ஒரே இடம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மட்டும் மாறியிருக்கு. ரெண்டுமே அறுபது எழுத்து வரைக்கும் ஏத்துக்கற கட்டம்.

1860 தடவை "ஒரு வரி சேர்க்கப்பட்டது". ஒரு எர்ரர் கூட இல்லை. டீ குடிக்கப் போயிட்டோம்.

சோதிக்காம விட்டோமான்னா, அதுவும் இல்லை. சங்கத்து எழுத்தர் அண்ணனை உக்கார வெச்சு, பத்து உறுப்பினரை எடுத்து, பேர், டோக்கன் நம்பர், சேமிப்பு, கடன் பாக்கி எல்லாம் படிவத்தோட ஒப்பிட்டுப் பாத்தோம். எல்லாம் டாண்ணு இருந்துச்சு. நாமினியை யாரும் பாக்கலை. பணம் சம்பந்தப்பட்டதைத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஒரு சாவு விழற வரைக்கும் நாமினி கட்டத்துக்கு வேலையே இல்லை.

*

2005 மார்ச். வைண்டிங் டிபார்ட்மெண்ட்ல ஃபிட்டரா இருந்த ஒருத்தர் மாரடைப்புல போயிட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு அவர் சம்சாரம் சங்கத்துக்கு வந்திருக்காங்க. சம்பள நாள். கவுண்டர்ல நல்ல கூட்டம். எழுத்தர் அண்ணன் டோக்கன் நம்பரைத் தட்டினார். திரையில வந்ததைப் படிச்சார். நல்ல மனுஷன்தான், ஆனா கூட்டத்துல சத்தமாப் பேசிப் பழகினவர்.

"நாமினி உங்க பேருல இல்லீங்களேம்மா. வேற பேரு இருக்குது. உறவுமுறை மனைவின்னு போட்டிருக்குது."

அந்த வேற பேர் யாருதுன்னு வரிசையில நின்ன எல்லாருக்கும் தெரியும். அதே வைண்டிங்ல வேலை பாக்கற ஒரு அம்மா. ஃபிட்டர் படிவம் எழுதின அன்னிக்குப் பக்கத்துல நின்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க. அவ்வளவுதான் அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம். ஆனா திரை அப்படிச் சொல்லலையே.

அந்தம்மா ஒரு வார்த்தை பேசலையாம். அப்படியே திரும்பிப் போயிட்டாங்களாம்.

மூணு வாரம் கழிச்சு அவங்க அண்ணன் வந்து சங்கத்துல சண்டை போட்டிருக்கார். இதுக்கு நடுவுல வைண்டிங்ல அந்த இன்னொரு அம்மாவை ஆளாளுக்கு ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சு, அவங்க லீவு போட்டுட்டு வீட்லயே இருந்திருக்காங்க. செத்துப் போன மனுஷனைப் பத்தி மில் பூரா பேச்சு. அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?

சண்டைக்கு அப்புறம்தான் செயலாளர் பழைய கட்டைப் பிரிச்சு காகிதப் படிவத்தைத் தேடச் சொன்னார். எடுத்துப் பாத்தா, நாமினி: சம்சாரத்தோட பேர். சாட்சி: அந்த இன்னொரு அம்மா. சந்தேகம் வந்து இன்னும் பத்துப் படிவம் எடுத்துப் பாத்திருக்காங்க. பத்துமே மாறியிருந்துச்சு. ஒருத்தருக்கு திரையில நாமினி பேர் ஒரு ஆம்பளை, உறவுமுறை மனைவி. வேற நேரமா இருந்தா எல்லாரும் சிரிச்சிருப்போம்.

எனக்கு போன் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறினேன். தூக்கம் வரலை.

*

திருத்தம் எவ்வளவு பெரிசுன்னு நினைக்கறீங்க? ஒரே ஒரு வரி.

அப்டேட் உறுப்பினர் செட் நாமினி = சாட்சி, சாட்சி = நாமினி;

நாங்க வெச்சிருந்த டேட்டாபேஸ்ல, சமக்குறிக்கு வலது பக்கம் இருக்கறதெல்லாம் மாத்தறதுக்கு முன்னாடி இருந்த மதிப்புதான். அதனால ரெண்டு பேரும் அழகா இடம் மாறிக்குவாங்க. எஸ்க்யூஎல் தரமும் அதைத்தான் சொல்லுது. (மைஎஸ்க்யூஎல் வெச்சிருக்கறவங்க இதைச் செஞ்சு பாத்துடாதீங்க. அது இடமிருந்து வலமா ஒவ்வொண்ணாச் செய்யும். ரெண்டு கட்டத்துலயும் ஒரே பேர் வந்து உக்காந்துக்கும். என் கதையை விடப் பெரிய கதை ஆயிடும்.)

வரி ஒண்ணுதான்னாலும் கண்ணை மூடிட்டு ஓட்ட முடியாது. நான் ஏத்தினதுக்கு அப்புறம் புதுசா சேர்ந்தவங்க திரை வழியா வந்தவங்க, அவங்களுக்குச் சரியாத்தான் இருக்கு. அவங்களையும் மாத்தி வெச்சா இன்னொரு பாவம். அதனால தேதி பாத்துப் பிரிச்சு, வேர் போட்டு, ஓட்டி, அப்புறம் 1860 படிவத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துத் திரையோட ஒப்பிட்டோம். நானும் எழுத்தர் அண்ணனும். மூணு நாள்.

அந்த ஒரு வரியைத் தட்டி முடிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். நாமினின்னு எழுதியிருக்கு, அதுக்கு எதிர்ல என்ன வரணும்னு எழுதியிருக்கு. எண்ண வேண்டியதில்லை. தப்பா எழுதியிருந்தா அங்கயே பல்லிளிச்சிருக்கும். நாமினி = சாட்சிப் பேர்னு யாராவது தெரிஞ்சே எழுதுவாங்களா? தப்பைச் செஞ்ச மொழியும் திருத்தின மொழியும் ஒண்ணுதான். ஒரு கட்டளையில தப்பு கண்ணுக்குத் தெரியுது, இன்னொண்ணுல ஒளிஞ்சுக்குது.

நாலாம் நாள் எழுத்தர் அண்ணனோட ஃபிட்டர் வீட்டுக்குப் போனோம். யாரும் போகச் சொல்லலை. போகாம ஊர் திரும்ப மனசு வரலை. அந்தம்மா திண்ணையில உக்கார வெச்சு தண்ணி குடுத்தாங்க. என்னை நிமிர்ந்து பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"ஏனுங் தம்பி, கம்ப்யூட்டரு தப்புச் சொல்லுமுங்களா?"

"கம்ப்யூட்டர் தப்புச் சொல்லலைங்கம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க. "நான் நம்பலீங் தம்பி. ஒரு நாளும் நம்பலை. ஆனா வரிசையில நின்னவங்க அத்தனை பேரும் நம்பீட்டாங்களே."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னிக்கும் இல்லை. பணம் அடுத்த வாரமே குடுத்துட்டாங்க. செயலாளர் நோட்டீஸ் போர்டுல ஒரு விளக்கம் எழுதி ஒட்டினார். அந்த இன்னொரு அம்மா வேலைக்குத் திரும்பினாங்கன்னு அண்ணன் அப்புறம் போன்ல சொன்னார். நோட்டீஸ் போர்டை எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?

*

தப்பு என்னோடது. அதுல ரெண்டாவது கருத்தே இல்லை. ஆனா இருபது வருஷத்துக்கு மேல இந்தத் தொழில்ல இருந்து பாத்துட்டேன். இன்சர்ட்ல இடம் மாத்திப் போடாத ஆளை நான் பாத்ததே இல்லை. எல்லாரும் விழற இடத்துல ஒரு பள்ளம் இருக்குன்னுதானே அர்த்தம்? ஒவ்வொருத்தர்கிட்டயும் "பாத்துப் போப்பா"ன்னு சொல்றதை விட பள்ளத்தை மூடறது மேல்.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? இந்த மாதிரி டேட்டாபேஸுக்கெல்லாம் அஸ்திவாரம் போட்டது எட்கர் காட். ஐபிஎம்ல இருந்தவர். 1970-ல அவர் எழுதின அந்தப் பேர் பெற்ற கட்டுரையிலயே இதைத் தொட்டிருக்கார். எந்தக் கட்டம் எத்தனாவதுன்னு ஞாபகம் வெச்சுக்கற சுமையைப் பயனர் தலையில கட்டக் கூடாது, கட்டத்தைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணுங்கறது அவர் கட்சி. நிஜ வாழ்க்கையில முப்பது கட்டம் இருக்கற டேபிளெல்லாம் சகஜம்னும் அதே கட்டுரையில சொல்லியிருக்கார். என்னோடது 34! மனுஷன் என்னை மனசுல வெச்சே எழுதின மாதிரி இருந்துச்சு. படிச்சது என்னவோ ரொம்பத் தாமதமாத்தான்.

எஸ்க்யூஎல் அவர் செஞ்சது இல்லை. அதே ஐபிஎம்ல டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சேர்ந்து உருவாக்கினது. 1974-ல வெளியானப்ப அதுக்கு சீக்வல்னு பேரு. அந்தப் பேரை வேற ஒரு நிறுவனம் டிரேட்மார்க் பண்ணி வெச்சிருந்ததால எஸ்க்யூஎல் ஆச்சு. 1986-ல அமெரிக்கத் தரம், 1987-ல உலகத் தரம். இன்சர்ட்ல பேர் ஒரு பக்கம், மதிப்பு ஒரு பக்கங்கற பழக்கமும் அதோட சேர்ந்து நிலைச்சுப் போச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். வேல்யூஸ் முறையே தப்புன்னு நான் சொல்ல வரலை. ஒரே டேபிள்ல நூறு வரி சேர்க்கணும்னா, மேல ஒரு தடவை தலைப்பு, கீழ நூறு வரி மதிப்பு. அதுதான் சிக்கனம். ஒவ்வொரு வரியிலயும் பேரைத் திருப்பித் திருப்பி எழுதினா எவன் படிப்பான்? எஸ்க்யூஎல் 92 தரத்துலயே ஒரு வேல்யூஸ்ல பல வரி குடுக்க இடம் வெச்சாங்க. போஸ்ட்கிரெஸ் 2006-ல 8.2 பதிப்புலயும், எஸ்க்யூஎல் சர்வர் 2008-லயும் அதைக் கொண்டுவந்தாங்க. அது இருக்கட்டும். நான் கேக்கறது, ஒத்தை வரியைச் சேர்க்கும்போது இப்படி எழுதவும் ஒரு வழி குடுங்கன்னுதான்:

இன்சர்ட் இன்டு உறுப்பினர்
செட் எண் = 112, பெயர் = 'முருகன்', தகப்பனார் = 'கந்தசாமி', ஊர் = 'அவிநாசி';

இதை நான் கனவு கண்டு சொல்லலை. மைஎஸ்க்யூஎல்-ல இது ரொம்பக் காலமா இருக்கு. தரத்துல இல்லாததால "அதையெல்லாம் பயன்படுத்தாதே, நாளைக்கு வேற டேட்டாபேஸ் மாறினா ஓடாது"ன்னு பெரியவங்க மிரட்டி வெச்சிருந்தாங்க. இப்பக் காத்து கொஞ்சம் மாறுது. 2025-ல வந்த ஒரு அப்டேட்ல ஆரக்கிளும் இன்சர்ட்டுக்கு செட் குடுத்துடுச்சு. ஆனா போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர்ல எழுதறவங்க இன்னும் விரல் விட்டு எண்ணிட்டுதான் இருக்கோம்.

இன்னொரு கோரிக்கையும் இருக்கு. வேற டேபிள்லேர்ந்து செலக்ட் பண்ணி இன்சர்ட் பண்றப்ப, "இந்த மதிப்புக்கு நாமினின்னு பேர்"னு செலக்ட்ல 'ஆஸ்' போட்டு எழுதுவோம் இல்லையா? டேட்டாபேஸ் அதைப் பாத்து நாமினி கட்டத்துல போடும்னு நிறைய பேர் நம்பிட்டிருக்காங்க. போடாது. அந்தப் பேரை மதிக்கவே மதிக்காது. வரிசை மட்டும்தான் கணக்கு. பேர் எழுதி ஒட்டின டப்பாவை, ஒட்டினதைப் படிக்காம அலமாரியில அடுக்கற மாதிரி. டக்டிபி-ல 'பை நேம்'னு ரெண்டு வார்த்தை சேர்த்தா பேரைப் பாத்துப் போடும். ஆரக்கிள் செட் குடுத்தப்பவே இதையும் குடுத்துடுச்சு. இது எல்லா இடத்துக்கும் வரணும்.

நம்ம டேட்டாபேஸுக்கு வர்ற வரைக்கும் என்ன பண்றது? நான் பண்றதைச் சொல்றேன். கட்டத்தோட பேரே குடுக்காம வெறும் வேல்யூஸ் போடறதை அடியோட விட்டாச்சு. எவனாவது நடுவுல ஒரு கட்டம் சேர்த்தா மொத்தமும் காலி. அப்புறம் ஒரு வரிக்கு ஒரு மதிப்பு, பக்கத்துலயே கமெண்ட்ல அந்தக் கட்டத்தோட பேர். கமெண்டை மெஷின் சரிபாக்காது, ஆனா மனுஷன் பாக்கலாம். மூணாவது, மொத்தமா ஏத்தறதா இருந்தா முதல்ல ஒரு தற்காலிக டேபிள்ல ஏத்தி, அந்த ஆளுங்களை முகம் பாத்துத் தெரிஞ்ச ஒருத்தரை உக்கார வெச்சு எல்லாக் கட்டத்தையும் காட்டறது. பணத்தை மட்டும் இல்லை, எல்லாத்தையும். அன்னிக்கு எழுத்தர் அண்ணன்கிட்ட நாமினி கட்டத்தைக் காட்டியிருந்தா, ரெண்டாவது ஆள்லயே "யோவ், இது என்னய்யா?"ன்னு கேட்டிருப்பார்.

*

போன வாரத்துக்கு வர்றேன். தம்பிகிட்ட இந்தக் கதையைச் சொல்லலை. ஸ்கிரிப்டை மட்டும் ஒரு வரிக்கு ஒரு மதிப்பா, பக்கத்துல பேரோட மாத்தி எழுதிட்டு வரச் சொன்னேன். முணுமுணுத்துட்டே போய் எழுதிட்டு வந்தார். பாத்தோம். 41-ம் சரியாத்தான் இருந்துச்சு. ஏஐ தப்பே பண்ணலை.

"நான்தான் சொன்னேன்ல அண்ணா"ன்னார் தம்பி.

சரிதான். ஆனா அது சரின்னு தெரிஞ்சுக்க எங்க ரெண்டு பேருக்கும் அரை மணி நேரம் ஆச்சு. செட்னு எழுத முடிஞ்சிருந்தா அரை நிமிஷம். எழுதறதை இப்ப மெஷின் பாத்துக்குது. படிச்சுப் பாத்துப் பொறுப்பேத்துக்கறது இன்னும் நாமதான். எழுதறவன் வசதிக்காக நான் இதைக் கேக்கலை, படிக்கறவன் கண்ணுக்காகக் கேக்கறேன். அந்தக் கண்ணுல பட்டிருந்தா, ஒரு சம்பள நாள் வரிசையில ஒரு அம்மா தலையைக் குனிஞ்சுட்டுப் போயிருக்க வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டை ஓட்டிட்டு தம்பி டீ குடிக்கக் கூப்பிட்டார். "நீங்க போங்க, வர்றேன்"னு சொல்லிட்டு, ஏறின வரியை ஒரு தடவை எடுத்துப் பாத்தேன். நாமினி கட்டமெல்லாம் அதுல இல்லை. இருந்தாலும் பாத்தேன்.

பி.கு: இன்சர்ட்ல இடம் மாத்திப் போட்ட கதை உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும். வெக்கப்படாம பின்னூட்டத்துல சொல்லுங்க. "நான் ஒரு தடவை கூடப் பண்ணினதில்லை"ன்னு சொல்றவங்க உங்க டேபிளை இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க :-)